கால் பக்கம் கீறல் இல்லை

தண்ணீர் டிரம்மில் கை கழுவப் போன டாக்டர், குனிந்தவர் குனிந்தபடியே நின்றுவிட்டார். டிரம் ஆடாமல் இருப்பதற்காக அடியில் ஒரு பலகைக் கல்லை முட்டுக் கொடுத்திருந்தோம். அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். குழாயை மூடக்கூட மறந்துபோய், தண்ணீர் அவர் ஷூ மேல் விழுந்து வழிந்துகொண்டிருந்தது.

"இதை யார் இங்க போட்டது?"

மேஸ்திரி ஓடி வந்தார். "வேஸ்ட் கல்லு சார். இதோ எடுத்துடறேன்."

"தொடாதீங்க!"

அந்த மனிதர் அப்படிக் கத்தி நாங்கள் கேட்டதில்லை. ஊசி போடுகிற டாக்டர் இல்லை, கல்லில் கிடக்கும் எலும்பைப் படித்த டாக்டர். மாதத்துக்கு ஒரு தடவை தலைமை அலுவலகத்திலிருந்து வருவார், கட்டி வைத்த பெட்டிகளைப் பார்ப்பார், கையெழுத்துப் போடுவார், போய்விடுவார். எங்கள் முகத்தை அவர் பார்த்ததில்லை. நாங்களும் அவர் ஷூவைத்தான் பார்த்திருக்கிறோம்.

"கை கழுவப் போன இடத்துல கடவுளைக் கண்டுட்டாரு போல," என்றாள் வெடி.

வெடி என் நாத்தனார், என் வீட்டுக்காரருடைய தங்கை. அவள் வாய்க்காகக் கொட்டகையில் வைத்த பெயர் அது. புருஷன் வீடு சரிப்படாமல் வந்தவள், எங்களோடுதான் இருக்கிறாள். கொட்டகையில் நான் நாலாம் மேசை, அவள் ஐந்தாம் மேசை.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். பக்கத்துக் குவாரியில் கிடைக்கும் கல் ஏடு ஏடாகப் பிரியும். ஆண்கள் உளியை ஓரத்தில் வைத்துத் தட்டினால் புத்தகத்தைத் திறந்த மாதிரி இரண்டாகத் திறந்துகொள்ளும். ஆயிரம் கல்லில் ஒன்றில் எலும்பு இருக்கும். மீன், பல்லி, சில நேரம் காக்கை அளவிலோ கோழி அளவிலோ, வாயில் பல்லும் கையில் நகமும் நீள வாலும் உள்ள ஏதோ ஒன்று. எலும்பு ஒரு பாதியில் ஒட்டியிருக்கும். இன்னொரு பாதியில் வெறும் அச்சுதான். எலும்புள்ள பாதி கொட்டகைக்கு வரும். அச்சுள்ள பாதியை யாரும் சீண்ட மாட்டார்கள். அது படிக்கட்டுக்குப் போகும், சாக்கடை மூடப் போகும், டிரம்முக்கு முட்டாகப் போகும்.

கொட்டகையில் ஏழு பெண்கள் தேய்ப்போம். பன்னிரண்டு வருடத்துக்கு முன் எங்களை வேலைக்கு எடுத்தபோது மேஸ்திரி கேட்ட ஒரே கேள்வி, "பாத்திரம் தேய்ச்ச கைதானே?" என்பதுதான். மேசைக்கு இரண்டு பிரஷ், ஒன்று கம்பி, ஒன்று நைலான். எலும்பைச் சுற்றிக் கல்லில் கறுப்பாகவும் பழுப்பாகவும் ஒரு கறை இருக்கும். கனத்த கறை என்றால் கம்பி பிரஷ், லேசான கறை என்றால் நைலான். எலும்பைத் தொடக் கூடாது. சுற்றிலும் உள்ளதைத் தேய்த்துக் கல்லை வெள்ளை வெளேரென்று ஆக்கி அனுப்ப வேண்டும்.

கறை மிச்சமிருந்தால் பெட்டி திரும்பி வரும். தலைமை அலுவலகத்தில் யாரோ சிவப்புச் சாக்பீஸால் கறையைச் சுற்றி வட்டம் போட்டு அனுப்பியிருப்பார்கள். "கறை நீக்கி அனுப்பவும்" என்று ஒரு சீட்டும் ஒட்டியிருக்கும். எழுத்து தெரியாத காலத்தில் அந்தச் சீட்டைப் பார்த்தாலே எங்களுக்குத் தோள் வலிக்கும்.

டிரம் அடியில் கிடந்த கல்லை டாக்டர் சட்டைக்கையால் துடைத்தார். முட்டி போட்டு உட்கார்ந்தார். நாங்களும் எட்டிப் பார்த்தோம். எலும்பின் பள்ளம் தெரிந்தது, இரண்டு கையும் விரிந்து கிடந்தன. கையைச் சுற்றி அதே பழைய கறைதான். இந்தப் பாதியை யாரும் தேய்க்காததால் அது அப்படியே இருந்தது. நடுவில் ஒரு ஈர்க்கு, இரண்டு பக்கமும் மயிர் மயிராகக் கோடு, ஒன்றின் மேல் ஒன்று அடுக்கி.

"இறகு," என்றார் டாக்டர். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் இருந்தது. "இது கறை இல்ல. இறகு."

வெடி தன் கையிலிருந்த கம்பி பிரஷை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

கல் இடுப்புக்குக் கீழே உடைந்திருந்தது. டிரம்மை உருட்டும்போது உடைந்திருக்கும். உடைந்த துண்டு எந்தச் சாக்கடையில் கிடக்கிறதோ. டாக்டர் எழுந்து, "இதோட ஜோடி எங்க?" என்று கேட்டார்.

மேஸ்திரி என்னைப் பார்த்தார். மூன்று வாரத்துக்கு முன் நான் தேய்த்த கல் அது. பெட்டியில் தயாராக இருந்தது. கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்கள். இரண்டும் பாத்திரமும் மூடியும் போலப் பொருந்தின. என் கல் தலையிலிருந்து கால் நகம் வரை முழுசாக இருந்தது, ஒரு பொட்டுக் கறை இல்லை. அவ்வளவு சுத்தமாகத் தேய்த்திருந்தேன்.

"அய்யோ," என்றார் டாக்டர். பிறகு என் பக்கம் திரும்பி, "என்ன காரியம் பண்ணியிருக்கே நீ," என்றார்.

---

நாலு நாள் கழித்து மெமோ வந்தது. மேஸ்திரி அதை மேசையில் வைத்து, "கைநாட்டு வை," என்று மை டப்பாவை நீட்டினார். மனிதர் மறந்துவிட்டார். போன வருடமே மதியச் சாப்பாட்டு நேரத்தில் சங்க அறையில் நடந்த வகுப்பில் நான் எழுத்துக் கற்றுக்கொண்டேன். நாற்பத்து மூன்று வயதில் முதல் எழுத்தைக் கிறுக்கினேன். அதை ஒரு பெருமையாகச் சொல்லவில்லை. அதற்கு முன்னால் எத்தனை காகிதத்தில் கண்ணை மூடிக்கொண்டு கட்டை விரலை வைத்தேனோ என்ற வயிற்றெரிச்சலில் சொல்கிறேன்.

"படிச்சிட்டு வைக்கறேன்," என்றேன்.

"படிக்கிறதுக்கு என்ன இருக்கு? உன்னப் பத்திதான் எழுதியிருக்கு."

"என்னப் பத்தி எழுதினதை நான் படிக்கக் கூடாதா?"

நின்றபடியே படித்தேன், எழுத்து எழுத்தாக. "அறியாமையாலும் கவனக்குறைவாலும் ஈடுசெய்ய முடியாத அறிவியல் சான்றினை அழித்தமைக்காக ஏன் பணிநீக்கம் செய்யப்படக் கூடாது" என்று போட்டிருந்தது. ஈடுசெய்ய என்ற இடத்தில் கொஞ்சம் தடுக்கியது. மற்றதெல்லாம் நன்றாகவே புரிந்தது.

எனக்கு அப்போது வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? உச்சந்தலையில் வரவில்லை. கையில் வந்தது. பன்னிரண்டு வருடமாகக் கம்பி பிரஷ் பிடித்துக் காய்த்துப்போன இந்தக் கை, அந்தக் காகிதத்தைக் கசக்கப் பார்த்தது.

கவனக்குறைவாம்! கவனம் குறைந்திருந்தால் கறை மிஞ்சியிருக்குமே. அந்த இறகு இன்றைக்குப் பிழைத்திருக்குமே. நான் கவனமாக வேலை செய்ததால்தான் அது அழிந்தது. சோம்பேறித்தனமாகத் தேய்த்திருந்தால் இன்றைக்கு என்னைத் தூக்கிவைத்துக் கொண்டாடியிருப்பார்கள்.

வேலை போனால் வேலை மட்டும் போகாது. நாங்கள் இருப்பது கொட்டகை ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு. என் பெயரில் கொடுத்தது. என் வீட்டுக்காரர் இருபது வருடம் குவாரித் தூசியைத் தின்றவர். இப்போது வாசலிலிருந்து தெருக்குழாய் வரை போய் வர இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும். அவரை எந்த மாடிப்படி ஏற்றி எந்த வாடகை அறையில் வைப்பது?

வீட்டில் மெமோவை அவருக்குப் படித்துக் காட்டினேன். அவர் மூச்சு வாங்கி முடிக்கும் வரை காத்திருந்தேன்.

"அறியாமைன்னா?" என்றார்.

"தெரியாத்தனம்."

"தெரியாதுதானே? நமக்கு அது கறைன்னுதானே தெரியும்?"

"அவங்களுக்கு மட்டும் தெரிஞ்சுதா? தெரிஞ்சவங்க ஏன் வட்டம் போட்டு அனுப்புனாங்க?"

மூலையில் துணி மடித்துக்கொண்டிருந்த வெடி சொன்னாள்: "அண்ணி, நியாயம் பேசற நேரமா இது? கால்ல விழுந்து மன்னிச்சிடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. வார்த்தை என்ன, தேஞ்சா போகும்?"

"எனக்குத் தேஞ்சு போகும்."

"இத்தனை வருஷம் கல்லைத் தேய்ச்சீங்களே, ஒரு நாள் நாக்கைத் தேய்ங்க."

---

அடுத்த வாரம் டாக்டர் மறுபடி வந்தார். கொட்டகையின் ஓரத்தில் தகரத் தடுப்பு போட்ட சின்ன ஆபீஸ் அறை. என்னை உள்ளே கூப்பிட்டார்கள். நாற்காலி போட்டிருந்தது. அந்த அறையில் நான் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. மேசையில் விளக்கடியில் என் கல் இருந்தது.

"உக்காருங்கம்மா," என்றார் டாக்டர்.

நீ போய் நீங்க வந்திருந்தது. எனக்கு அப்போதே பொறி தட்டியது. இந்த மனிதருக்கு என்னிடம் ஏதோ வேண்டும்.

"மெமோ விஷயம் எனக்கே சங்கடமா இருக்கு. அதை நான் எழுதலை. மேலேர்ந்து வந்தது. எடுத்துடச் சொல்லி நான் எழுதறேன்."

மேஸ்திரி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், நன்றி சொல் என்பது போல. நான் சொல்லவில்லை.

டாக்டர் பேச ஆரம்பித்தார். நன்றாகப் பேசினார், அதைச் சொல்லியாக வேண்டும். இந்தப் பிராணி பறவை இல்லை, டைனோசர் கூட்டத்தில் சின்ன ஜாதி. பறவைகள் வந்ததே இந்தக் கூட்டத்திலிருந்துதான். பறப்பதற்கு முன்னாலேயே இவற்றுக்கு இறகு வந்துவிட்டது. குளிருக்குப் போர்வையாக, ஜோடியை மயக்க, முட்டை மேல் விரித்து அடைகாக்க. பறத்தல் பிறகுதான் வந்தது. எப்படி வந்தது என்பதில்தான் சண்டை. தரையில் ஓடிக்கொண்டே கையை அடித்து அடித்து எழும்பியதா? அல்லது மரத்தில் ஏறி, அங்கிருந்து கையையும் காலையும் விரித்துச் சறுக்கிச் சறுக்கிப் பழகியதா? வேறு இடங்களில் கையிலும் காலிலும் நீள இறகுள்ள, நாலு சிறகுள்ள பிராணிகள் கிடைத்திருக்கின்றன. அவர் மரத்துக் கட்சி. இருபத்தைந்து வருடமாக அந்தக் கட்சி.

"இது ரொம்பப் பழைய பாறை. இதுக்குக் கால்லயும் நீள இறகு இருந்திருந்தா, நான் சொல்றது ஆரம்பத்துலேர்ந்தே சரின்னு ஆயிடும். ஆனா கால் இருக்கறது உங்க கல்லுல மட்டும்தான். அதுல எதுவும் மிச்சமில்லை. பாத்தது நீங்க ஒருத்தர்தான். உலகத்துலேயே நீங்க ஒருத்தர்தான்."

ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளினார். நான் எடுத்துப் படித்தேன். அவர்கள் காத்திருந்தார்கள். நான் அவசரப்படவில்லை. "இரு கைகளில் காணப்பட்டதைப் போன்றே இரு கால்களிலும் நீண்ட இறகுகளின் தடம் இருந்ததை, சுத்தம் செய்வதற்கு முன் நான் கண்ணால் கண்டேன்" என்று எழுதியிருந்தது. கீழே புள்ளிக்கோடு.

"இது நான் சொன்னது இல்லையே," என்றேன்.

"இப்ப சொல்றீங்க. அதுக்குத்தானே கூப்பிட்டிருக்கோம்," என்றார் மேஸ்திரி.

"நீங்க எழுதிட்டுக் கூப்பிட்டிருக்கீங்க."

டாக்டர் கையை உயர்த்தி அவரை அடக்கினார். "சரி, நீங்களே சொல்லுங்க. கால்ல என்ன இருந்தது?"

நான் எழுந்து கல்லின் மேல் உள்ளங்கையை வைத்தேன். மேஸ்திரி பதறினார். டாக்டர் தடுக்கவில்லை. கல்லை நான் கண்ணால் நினைவு வைத்துக்கொள்வதில்லை. தோளும் முழங்கையும் நினைவு வைத்துக்கொள்கின்றன. எந்தக் கல்லில் எங்கே முக்கி முக்கித் தேய்த்தேன், எங்கே மூச்சு விட்டேன் என்பது கைக்குத் தெரியும்.

"ரெண்டு கையிலயும் கனத்த கறை. ஒன்றரை நாள் ஆச்சு. வால் நுனில விசிறி மாதிரி. அங்க அரை நாள். தொடைல லேசா, பூஞ்சணம் பூத்த மாதிரி, நகத்தளவு நீளம்கூட இருக்காது. நைலான்ல நாலு இழுப்பு. முழங்காலுக்குக் கீழ எதுவும் இல்ல. தூசி தட்டுனேன், அவ்வளவுதான்."

"நீளமா எதுவும்..."

"இல்ல."

"ஒரு மாசத்துக்கு மேல ஆயிடுச்சு. நடுவுல எத்தனையோ கல்லு தேய்ச்சிருப்பீங்க. நினைவு தப்பியிருக்கலாம் இல்லையா?"

"தப்பலை. லென்ஸ் குடுங்க."

கேட்டதை நானே நம்பவில்லை. அவர் கொடுத்தார். கையின் ஓரமாக வைத்துப் பார்த்தேன், பிறகு அவரைப் பார்க்கச் சொன்னேன்.

"வெள்ளைக் கோடு கோடாத் தெரியுதா? கம்பி பிரஷ் போட்டா கல்லுல கீறல் விழும். என்ன பண்ணாலும் விழும். இங்க பாருங்க, இடது கை பூரா. வலது கை பூரா. வால்ல. இப்ப இடுப்பைத் தாண்டி வாங்க."

அவர் லென்ஸை நகர்த்தினார். இடுப்பு வரை வந்தார். தொடைக்குப் போனார். காலுக்குப் போனார். திரும்ப இடுப்புக்கு வந்தார்.

"கால் பக்கம் கீறல் இல்லை," என்றேன். "நீள இறகு நைலானுக்கு அசையாது சார். கம்பி எடுக்காம அது போகவே போகாது. கம்பி எடுத்திருந்தா கீறல் இருக்கும். கம்பி பிரஷை யாரும் ஆசைக்கு எடுக்க மாட்டோம். தோள்பட்டை கழண்டுடும். தேஞ்ச பிரஷைத் திருப்பிக் குடுத்தாத்தான் மேஸ்திரி புதுசு குடுப்பாரு. அதுக்கும் நாலு பேச்சு கேக்கணும். தேவையில்லாத இடத்துல எவ கம்பியை வைப்பா?"

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். அவர் பார்த்துவிட்டார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அந்த ஒரு நிமிடம் எனக்கு அவரைப் பிடித்துக்கூட இருந்தது. இருபத்தைந்து வருடக் கட்சி கண்முன்னால் ஆட்டம் காணும்போது எந்த மனிதருக்கும் முகம் அப்படித்தான் ஆகும்.

அடுத்த நிமிடம் அவர் வாயைத் திறந்தார்.

"நைலான்ல போகாதுன்னு நிரூபிக்க முடியாதே."

"தேய்க்காத கல்லு ஒண்ணு குடுங்க. இப்பவே போட்டுக் காட்டறேன்."

"இன்னொரு கல்லைக் கெடுக்கச் சொல்றீங்களா?"

"பன்னெண்டு வருஷமா வட்டம் போட்டு வட்டம் போட்டுக் கெடுக்கச் சொன்னீங்களே!"

"அதெல்லாம் என் காலத்துக்கு முன்னால. எனக்கு முன்னாடி இருந்தவங்க..."

"தேய்ச்சது மட்டும் எங்க காலம். தேய்க்கச் சொன்னது யாரோ காலமா?"

மேஸ்திரி மேசையைத் தட்டினார். "ஏம்மா, என்ன பேச்சு பேசறே? சார் உன் வேலையைக் காப்பாத்த வந்திருக்காரு. செத்து எத்தனையோ கோடி வருஷமான ஜந்து, அதுக்குக் கால்ல இறகு இருந்தா உனக்கென்ன, இல்லாட்டி உனக்கென்ன? அதுவா வந்து கேக்கப் போகுது?"

கேள்வி சரியான கேள்விதான். இன்றைக்கும் யோசித்துப் பார்க்கிறேன். அது ஓடியதோ, மரத்தில் ஏறியதோ, எனக்கு எந்தக் கட்சியும் இல்லை. ஆனால் இத்தனை வருடம் அதைத் தேய்த்துத் தேய்த்து அழித்தவள் நான். எத்தனை கல்! எண்ணிக்கை வைத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றிலும் கையை விரித்துக்கொண்டு ஒன்று கிடந்திருக்கும். பறக்க முடியாவிட்டாலும் சிறகு போலத்தான் விரித்திருக்கும். அதன் மேனியில் இருந்த ஒரே சாட்சியைச் சொன்னதைக் கேட்டு அழித்தேன். இப்போது இல்லாத ஒன்றை, அதையும் சொன்னதைக் கேட்டு, ஒட்டவைக்க வேண்டுமா? அழிக்கும்போது என் கை வேண்டும், பழி போடும்போது என் தலை வேண்டும், பொய் சொல்லும்போது என் பெயர் வேண்டும். இவர்களுக்கு என்னிடம் வேண்டாதது எது? எனக்குத் தெரிந்தது மட்டும்தான்.

"பேனா குடுங்க," என்றேன்.

மேஸ்திரி முகம் மலர்ந்து பேனாவை நீட்டினார். நான் அந்தக் காகிதத்தைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் எழுதினேன். மெதுவாகத்தான் எழுத வரும். கையில் கறை, கம்பி. வாலில் கறை, கம்பி. தொடையில் லேசு, நைலான். முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. கீறல் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று லென்ஸில் பார்க்கவும். தேய்க்கச் சொன்னது தலைமை அலுவலகம், சிவப்பு வட்டம் அவர்கள் போட்டது. கடைசியாக இதையும் எழுதினேன்: "எனக்கு அது இறகு என்று தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அறியாமை என்று எழுதினால் இரண்டு பேரையும் சேர்த்து எழுதவும்."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். டாக்டர் படித்தார். இரண்டு தடவை படித்தார். மடித்து ஃபைலுக்குள் வைத்தார்.

மேஸ்திரி சொன்னார்: "நாளைலேர்ந்து வராதே."

---

நான் வெளியே வந்து என் மேசையில் நின்றேன். தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கம் நன்றாகக் கேட்கும். டிரம் கல் கிடைத்த நாளிலிருந்து தேய்ப்பை நிறுத்தி வைத்திருந்தார்கள்; எல்லா மேசையும் தூசி தட்டுவதை விட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது.

"அஞ்சாம் மேசையைக் கூப்பிடு," என்றது மேஸ்திரி குரல்.

வெடி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் என்னை எரித்துச் சாம்பலைக் காற்றில் விட்டுவிட்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.

அவள் பக்கத்து மேசைக்காரி. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு கட்டை விரல் வைத்தால் போதும், என் காகிதம் குப்பை. அவளுக்கு வேலை முக்கியம், அண்ணன் முக்கியம், கூரை முக்கியம். அவள் வைத்தால் நான் அவளைக் குறை சொல்ல முடியுமா?

"அந்தக் கல்லைத் தேய்க்கும்போது நீ பக்கத்துலதானே இருந்தே?" மேஸ்திரி.

"ஆமா. நாத்தனாரும் அண்ணியும் பக்கத்துல பக்கத்துலதான். என் தலையெழுத்து."

"அப்ப அதுல கால்ல கறை இருந்ததை நீ பாத்திருப்பே."

"எந்தக் கால்?"

"கல்லுல இருக்கற ஜந்தோட கால்!"

"அதைக் கேக்கறீங்களா? நான் எப்படிங்க பாக்கறது? தலை நிமிந்தா திட்டுவீங்களே. போன மாசம் ஜன்னல் பக்கம் திரும்பினதுக்கே, உன் கல்லைப் பாருடின்னு சொன்னது நீங்கதானே? நீங்க சொன்னதுலேர்ந்து நான் என் கல்லை மட்டும்தான் பாக்கறேன். பக்கத்துக் கல்லைப் பாக்கற பழக்கமே விட்டுப்போச்சு."

இரண்டாம் மேசையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

"விளையாடாதே. ஒரு கைநாட்டுத்தான். வெச்சிட்டுப் போ."

"கைநாட்டா? விரல் தேஞ்சு போச்சுங்க. பாருங்க, ரேகையே இல்ல. கம்பி பிரஷ் குடுத்தது நீங்கதான். இதை வெச்சா மை மட்டும்தான் ஒட்டும், ஆள் ஒட்டாது. பெரிய ஆபீஸ்ல கேள்வி கேப்பாங்க. உங்களுக்குத்தான் கஷ்டம்."

பிறகு டாக்டரின் குரல், களைத்துப்போய்: "விடுங்க மேஸ்திரி. போகச் சொல்லுங்க."

வெடி வெளியே வந்தாள். நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். உதறினாள்.

"உங்களுக்காக ஒண்ணும் பண்ணலை," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "செத்துப்போன கோழிக்காக இருக்கற வேலையை விட்டீங்களே, உங்களுக்கா நான் பண்ணுவேன்?"

"அது கோழி இல்ல."

"வாயை மூடுங்க அண்ணி. கோழி இல்லன்னு தெரியறதுக்கு முன்னாடி நல்லாத்தான் இருந்தோம்."

---

லைன் வீட்டை அவள் பெயருக்கு மாற்றிக் கொடுத்தார்கள். அவள்தான் போய்க் கேட்டாள். ஒரே வீட்டில் இரண்டு பேர் வேலை பார்த்தோம், ஒருத்தி இன்னும் வேலையில் இருக்கிறாள், வீட்டை எப்படிப் பிடுங்குவாய் என்று மேஸ்திரியின் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டு வாங்கினாள். ஆகவே இப்போது நான் நாத்தனார் வீட்டில் இருக்கிறேன். அவள் அதை ஒரு நாள்கூட மறக்கவிடுவதில்லை. "என் வீட்டு வாசல்ல செருப்பை ஏன் கோணலா விடறீங்க?" என்பாள். என் வீட்டுக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டே சிரிப்பார்.

நான் குவாரியில் சேர்ந்தேன், தினக்கூலியாக. தேய்ப்பதற்கு இல்லை, பிளந்த கல்லைச் சுமப்பதற்கு. வெயிலில் தலையில் கல். முன்பு தோள் வலிக்கும், இப்போது கழுத்தும் சேர்ந்து வலிக்கிறது. பிளக்கிறவர்களிடம் கறை உள்ள கல்லைப் பார்த்தால் இரண்டு பாதியையும் சேர்த்துக் கட்டு என்று சொல்லிச் சொல்லி வாய் நோகிறது. "உனக்கு ஏம்மா இந்த வம்பு, வேலையை விட்டே அனுப்பிட்டாங்களே," என்கிறார்கள். கட்டுவதும் உண்டு, கட்டாததும் உண்டு.

கொட்டகையில் இப்போது யாரும் தேய்ப்பதில்லையாம். கம்பி பிரஷ்களை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டார்களாம். கல்லைப் பஞ்சு மாதிரித் தூக்கி, மெல்லிய ஊசியால் மண்ணைக் கொத்த வேண்டுமாம். டாக்டர் வந்து சொல்லிக் கொடுத்தாராம். எல்லோரையும் நீங்க என்கிறாராம். இதையெல்லாம் வெடிதான் சொன்னாள். என்னோடு பேச மாட்டேன் என்று சபதம் போட்டவள், வாய் சும்மா இராமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

போன ஞாயிற்றுக்கிழமை சுவரைப் பார்த்து இன்னொன்றும் சொன்னாள்.

"அந்தக் கல்லை நேத்துப் பெட்டில போட்டாங்க. பெரிய ஆபீஸுக்குப் போவுதாம். மேல ஒரு அட்டை ஒட்டினாங்க. நான் ஒண்ணாம் மேசைப் பொண்ணைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன்."

"என்ன போட்டிருக்கு?"

"கை, இறகு உண்டு. வால், இறகு உண்டு. கால்..." கொஞ்சம் நிறுத்தினாள். "கால், தகவல் இல்லை."

"என்னது?"

"தகவல் இல்லை. அப்படித்தான் இருக்காம்."

இருந்தது என்று பொய்யாக எழுதியிருந்தால்கூட அவர் கட்சிக்காக எழுதினார் என்று விட்டிருப்பேன். இல்லை என்று எழுதியிருந்தால் வேலை போனதைக்கூட மறந்திருப்பேன். தகவல் இல்லையாம்! நான் நின்று, லென்ஸ் பிடித்து, கல்லின் மேல் கையை வைத்து, இந்த விரலால் எழுத்துக் கூட்டி எழுதிக் கொடுத்தது தகவல் இல்லை. அவர் தன் கண்ணால் பார்த்த கீறல் தகவல் இல்லை. அவர் படித்தார், இரண்டு தடவை படித்தார், மடித்து வைத்தார். என்னை அடித்திருக்கலாம். அது இதைவிட மரியாதை.

வீட்டுக்காரர், "விடு, தண்ணி குடி," என்றார். நான் விடவில்லை. நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். தலைமை அலுவலகத்துக்கு என்று மேலே எழுதினேன். இந்தத் தடவை டாக்டர் கையில் கொடுக்கப் போவதில்லை, பதிவுத் தபால்தான். திரும்பி வந்தால் மறுபடி அனுப்புவேன். பெட்டி போய்ச் சேர்வதற்கு முன் காகிதம் போய்ச் சேர வேண்டும். நாலாம் மேசை, பன்னிரண்டு வருடம் என்று ஆரம்பித்தேன். கையில் கறை, கம்பி. வாலில் கறை, கம்பி.

வெடி எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றாள். ஒரு எழுத்துத் தெரியாது, ஆனாலும் உற்றுப் பார்த்தாள்.

"அண்ணி."

"என்ன?"

"எழுத்தைக் கொஞ்சம் பெருசாப் போடுங்க. அவங்களுக்குக் கண்ணு தெரியாது."